தங்கம் வாங்கிய கூடை

மார்ச் 5

இன்று காலையும் பள்ளி வேன் எழுந்திருக்க மாட்டேன் என்றது. குளிரில் விறைத்துப்போய் நின்றது. கடைசியில் பிள்ளைகளே இறங்கித் தள்ளினார்கள். மேடைக்கு மேடை எதிர்காலத் தலைவர்கள் என்கிறார்களே, அவர்கள்தான். என் மகள் தாரணி மட்டும் கண்ணாடி ஓரமாக ஓடிவந்து, "அப்பா, ரெண்டாவது கியர், ரெண்டாவது கியர்" என்று எனக்கே பாடம் நடத்தினாள். ஐந்தாம் வகுப்பு. இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை. எனக்கே அது பாதி நாள் மறந்துபோகும்.

சாயங்காலம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். நான் செயலவை உறுப்பினர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. வேலை என்னவென்றால் கூட்டத்துக்கு முன் நாற்காலி போடுவது, முடிந்ததும் அடுக்குவது, நடுவில் கை தட்டுவது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் வரை போனவனுக்கு இதற்கு மேல் கொடுக்க முடியாது. 'போனவன்' என்றுதான் எழுதுகிறேன். 'படித்தவன்' என்று எழுதினால் என் கணக்கு வாத்தியார் எங்கிருந்தாலும் சிரிப்பார்.

ஹெட்மாஸ்டர் சிவனேஸ்வரன் பேசினார். போன வருஷம் சிலாங்கூர் வெக்கையிலிருந்து எங்கள் மலைக்கு மாற்றலாகி வந்தவர். இன்னும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

"உலகம் போற வேகத்துக்கு நம்ம பிள்ளைங்கள தயார் பண்ணணும். மத்த பள்ளிங்க எல்லாம் புதுசா கண்டுபிடிக்கிற புத்தாக்கப் போட்டியில தங்கம் வாங்குது. வேலி பூரா பதாகை. நம்ம வேலியில என்ன தொங்குது?"

காய்கறிக் கொடி தொங்குகிறது. சொல்லவில்லை.

"வேலிய பார்த்துத்தான் பிள்ளைய சேர்க்குறாங்க. அடுத்த வருஷம் முதல் வகுப்புக்கு எத்தன பேர் வருவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்களே குறைந்துவிட்டன. இருப்பவர்களிலும் பாதிப் பேர் டவுனில் சீனப் பள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மனுசன் பயந்துபோய்தான் பேசுகிறார் என்று பட்டது. கை தட்டினேன். முதலில் தட்டியது நான்தான்.

மார்ச் 12

பிள்ளைகளைப் போட்டிக்குத் தயார் செய்யக் கோலாலம்பூரிலிருந்து கோச் வந்தார். பெயர் குகனேஸ்வரன். கோட்டு, கூர்மூக்குச் சப்பாத்து. எங்கள் பள்ளித் திடலின் சேறு அந்தச் சப்பாத்தைப் பார்த்ததும் ஆசையாக ஒட்டிக்கொண்டது.

"இப்ப இருக்கிற வேலையில பாதி இன்னும் கொஞ்ச வருஷத்துல இருக்காது" என்றார். என்னைக் காட்டி, "அண்ணன் என்ன வேலை பார்க்குறீங்க?"

"பள்ளி வேன் ஓட்டுறேன் சார்."

"பாத்தீங்களா, நாளைக்கு வண்டி தானா ஓடும்."

"என் வண்டி இன்னிக்கே தானாத்தான் ஓடுது சார். பிரேக் புடிச்சாலும் நிக்காது."

பெற்றோர்கள் சிரிக்க ஆரம்பித்து, பிறகு தங்கள் பிள்ளைகளை நினைத்து நிறுத்திவிட்டார்கள்.

யோசனையைக் கோச் கையோடு கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் எதையும் யோசிக்கவேண்டிய சிரமமே இல்லை. "தேயிலைத் தோட்டம்னா உலகத்துக்கு என்ன ஞாபகம் வரும்? முதுகுல கூடை. அதனால — ஸ்மார்ட் கூடை." பாரம் முதுகுக்கு அதிகமானால் கூடை பீப் என்று கத்துமாம். சிவப்பு விளக்கு எரியுமாம்.

இப்போது ஒன்றை எழுதி வைக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் கூடை கிடையாது. எனக்கு நினைவு தெரிந்து முதலில் கத்தரியும் பையும் இருந்தது, பிறகு இயந்திரம் வந்தது. ஆளுக்கொரு பக்கம் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், அது கொழுந்தை வெட்டிப் பின்னால் இழுபடும் பெரிய பைக்குள் தள்ளும். அந்த இயந்திரத்தைப் பிடிக்கிறவர்களே இன்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. படித்தவர் சொல்கிறார், ஏதாவது இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

யார் முதலில் தட்டியது என்று எழுதவேண்டியதில்லை.

மார்ச் 13

சாப்பிடும்போது தாரணி கேட்டாள்: "நம்ம தோட்டத்துல யாருப்பா கூடை தூக்குறா?"

"அது பிராஜெக்ட்டுக்கும்மா."

"யாருமே தூக்காத கூடைக்கு எதுக்குப்பா பீப்?"

சாப்பிடு என்றேன். 

ஏப்ரல் 19

கூடை வாங்கும் பொறுப்பு என் தலையில். தோட்டம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காதே. தானா ராத்தா டவுனில் நசுருதீன் நானா கடைக்குப் போனேன். முன்பக்கம் சாப்பாட்டுக் கடை, பின்பக்கம் சுற்றுப்பயணிகளுக்கு நினைவுப் பொருள். கூடை ஒன்று உத்திரத்தில் தொங்கியது, உள்ளே பிளாஸ்டிக் பூ.

"தேயிலைத் தோட்டத்துக்காரன் என்கிட்ட வந்து தேயிலைக் கூடை கேக்குறியே மகேன்" என்றார் நானா.

"பிள்ளைங்க எதிர்காலத்துக்கு நானா."

"நல்ல எதிர்காலம்லா. இது வியட்னாமுலேர்ந்து வருது, தெரியுமா? பூவோட வேணுமா, பூ இல்லாம வேணுமா?"

பூ இல்லாமல் வாங்கினேன். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இவ்வளவு நாளில் இவ்வளவு சிரித்ததில்லையாம்.

மே 8

கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் பெட்டி வந்து சேர்ந்தது. கறுப்புப் பெட்டி, இரண்டு கம்பி, ஒரு விளக்கு. மேலே 'திறக்காதீர்' என்று ஒட்டியிருந்தது. கூடைக்கு அடியில் வைத்துக் கட்டவேண்டும், அவ்வளவுதான். புத்தாக்கம் முடிந்தது.

போட்டிக்குப் போகும் பிள்ளைகள் மூன்று பேர். தாரணிக்குக் குரல் நன்றாக இருப்பதால் அவள்தான் பேச்சாளர். நாகமணி டீச்சர் கேள்வி பதிலை ஆங்கிலத்திலும் மலாயிலும் அச்சடித்துக் கொடுத்து, தினமும் பள்ளி முடிந்து மனப்பாடம் செய்யவைக்கிறார். வேனில் காத்திருந்தபோது காதில் விழுந்தது. 'இந்த எண்ணம் உங்களுக்கு எப்படித் தோன்றியது?' என்ற கேள்விக்கும் அச்சடித்த பதில் இருக்கிறது.

இன்று பாதி மனப்பாடத்தில் வானத்தில் ஒரு சத்தம். தோட்ட நிர்வாகம் மருந்தடிக்க டிரோன் கொண்டுவந்திருக்கிறது. எதிர் மலையில் பெரிய தும்பி மாதிரி வரிசைவரிசையாகப் போய்த் திரும்பியது. பிள்ளைகள் எல்லாரும் வேலிக்கு ஓடினார்கள். தாரணி வேலிக் கம்பியில் ஏறிவிட்டாள். "அப்பா, பாறை கிட்ட வந்ததும் அது தானா வளைஞ்சு போவுது பாரு, அதுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்?

டீச்சர் வாசலில் நின்று கத்தினார். "எல்லாம் உள்ள வாங்க. வேடிக்கை பார்த்தா தங்கம் கிடைக்காது." பிள்ளைகள் உள்ளே போய், எதிர்காலத் தொழில்நுட்பம் மனித வாழ்வை மாற்றும் என்று கோரஸாகச் சொன்னார்கள். வெளியே டிரோன் தன்பாட்டுக்கு வளைந்து வளைந்து போனது.

நான் வேனுக்குள் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மே 15

தாரணி போட்டிக்கு வரமாட்டேன் என்கிறாள்.

"பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு கோச்சு கிட்ட போன்ல கேட்டேன். நீ பட்டன மட்டும் அமுக்குமா, போதும்கிறாரு. அப்புறம் நான்தான் செஞ்சேன்னு சொல்லணுமாம்."

அவள் அம்மா மோகனா தானா ராத்தா ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. இன்று மாலை ஷிப்ட். ஆக, இதைத் தீர்த்து வைக்க வேண்டிய அறிவாளி நான் ஒருவன்தான். தீர்த்தேன். "எல்லாரும் அப்படித்தாம்மா செய்றாங்க. ஒரு தடவதானே. பள்ளிக்கூடம் நல்லாருக்கணும்ல?"

தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கமானது. மண்டபத்தில் நாங்கள் எல்லாரும் ஆட்டினோமே, அதே ஆட்டல். என் பிள்ளைக்கு நான் ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டேன். சீ.

ஜூன் 21

ஈப்போ. போட்டிக்கு இருட்டோடு கிளம்பினோம். கோலா தெர்லாவில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். கம்போங் ராஜா தாண்டி வளைவில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. துடைத்துக்கொண்டு போனோம்.

பெரிய மண்டபம். எங்கே திரும்பினாலும் ஸ்மார்ட். ஸ்மார்ட் செருப்பு, ஸ்மார்ட் துடைப்பம், ஸ்மார்ட் இட்லிச் சட்டி. ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் பிள்ளைகள், ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஓர் ஆசிரியர், சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டு. எங்கள் மூன்றும் தலையில் துண்டு, இடுப்பில் கைலி. மாறுவேடப் போட்டி என்று நினைத்து யாரோ எங்களைப் படம் எடுத்தார்கள்.

கழிவறைக்குப் போகும் வழியில் இன்னொரு பள்ளியின் மேசை. செம்பனைக் குலை ஏற்றும் தள்ளுவண்டி. ஸ்மார்ட்தான். அதன் அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. இரண்டு கம்பி, ஒரு விளக்கு. அதே 'திறக்காதீர்', அதே கோணலில் ஒட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே நம் கோச், அந்தப் பள்ளி ஹெட்மாஸ்டரோடு தோளில் கை போட்டுப் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் சிரித்தார். வெட்கமில்லாத சிரிப்பு. நானும் பதிலுக்குச் சிரித்தேன். 

எங்கள் மேசைக்கு வந்த நடுவர் வயதான மலாய் அம்மையார். கனிவான முகம். தாரணி கடகடவென்று ஒப்பித்தாள். கூடை பீப் என்றது. அம்மையார் தாளில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டார். "உங்கள் தோட்டத்தில் இந்தக் கூடையை யார் சுமக்கிறார்கள், கண்ணு?"

டீச்சரின் உதடு நின்றுவிட்டது. தாரணி திரும்பிப் பார்த்தாள். டீச்சரை இல்லை. பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை. என்ன சொல்லட்டும் என்று கண் கேட்டது. ஒரு நொடி இருந்தது. தலையை இப்படியோ அப்படியோ ஆட்டியிருக்கலாம். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அதாவது — நடத்து.

அவள் நடத்தினாள். "எங்க அம்மாதான். தினமும் இந்தக் கூடையைச் சுமக்கிறார். ராத்திரியில் முதுகு வலியில் அழுவார். அதைப் பார்த்துத்தான் இதைச் செய்தேன்." நல்ல மலாயில், நிறுத்தி நிறுத்தி. அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தங்கம்.

எல்லாருக்கும் தங்கம். துடைப்பத்துக்குத் தங்கம், இட்லிச் சட்டிக்குத் தங்கம். நான் பார்த்தவரையில் வெள்ளி வாங்கியது ஒரே ஒரு மேசை. அட்டைப்பெட்டியில் வயர் எல்லாம் வெளியே தொங்க, இரண்டு பெண் பிள்ளைகள் கோழிக்கு நேரத்துக்குத் தீனி போடுகிற ஏதோ ஒன்று செய்திருந்தார்கள். அது ஓடவில்லை. எதனால் ஓடவில்லை என்று நடுவர் முன்னாலேயே இரண்டும் சண்டை போட்டன. பரிசளிப்பு முடிந்தபின் தாரணியைக் காணோம் என்று தேடினேன். கழுத்தில் தங்கத்தோடு அந்த மேசை ஓரம் நின்றிருந்தாள். ஒரு வயரைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் பக்கத்துச் சீட்டில் கேட்டாள்: "நான் நல்லா சொன்னேனாப்பா?"

நல்லா சொன்னம்மா என்றேன். வளைவுகளைப் பார்த்து ஓட்டினேன். அந்தப் பிள்ளை காலையிலேயே வாந்தி எடுத்துவிட்டது. எடுக்க வேண்டியவன் நான்.

ஜூன் 23

பதாகை கட்டியாயிற்று. ஏணியைப் பிடித்தது நான்.

ஜூலை 2

பத்திரிகையில் வந்துவிட்டது. 'தாயின் கண்ணீரைத் துடைத்த கூடை.' மோகனா தேயிலைக் காட்டில் விடிய எழுந்து பாரம் சுமக்கிறாளாம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் யாரோ அதை வெட்டி அரிசி டின் மேல் ஒட்டிவிட்டார்களாம். வந்ததும் வராததுமாகப் பையைக் கீழே போட்டாள்.

"ஏங்க, நான் எப்பங்க கூடை தூக்கினேன்? எப்ப அழுதேன்?"

"அது நடுவர் திடீர்னு கேட்டுட்டாங்க…"

"அவ சொன்னா சரி, சின்னப் பிள்ள. நீங்க எங்க நின்னீங்க?"

பின்னாடிதான் என்றேன். கட்டை விரலைப் பற்றிச் சொல்லவில்லை. தாரணி உள்ளறையிலிருந்து சொல்லிவிட்டாள். "அப்பாதான்மா சொல்லச் சொன்னாங்க."

மோகனா அடுப்படிக்குப் போய்விட்டாள். ரசத்தில் உப்பு இல்லை. கேட்கிற தகுதி எனக்கும் இல்லை.

ஜூலை 17

பத்திரிகையைப் படித்துவிட்டு ஏதோ ஓர் அறவாரியம் ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டிருக்கிறது. டவுனுக்குத் தள்ளி இருக்கும் உட்புறப் பள்ளிகளுக்குக் கணினி அறை அமைத்துக் கொடுப்பவர்களாம். நம் பள்ளியையும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்கு முன் ஒரு சின்னப் படம் எடுக்க வேண்டும்: தேயிலைக் காட்டில் தாய், முதுகில் கூடை, மகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள்.

ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். மோகனா கையெடுத்துக் கும்பிட்டாள். "சார், டீ குடிங்க. வேஷம் மட்டும் கட்டச் சொல்லாதீங்க."

தாரணி அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டினாள். "எல்லாரும் அப்படித்தாம்மா செய்றாங்க. ஒரு தடவதானே. பள்ளிக்கூடம் நல்லாருக்கணும்ல?"

என் வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. எழுந்து வெளியே போய் வேன் டயரைப் பார்த்தேன். டயரில் ஒன்றும் இல்லை.

ஜூலை 21

ஹெட்மாஸ்டரிடம் போனேன். உண்மையைச் சொல்லிவிடலாம் சார் என்று சொல்லத்தான் போனேன்.

"யாரைப் பொய்க்காரின்னு சொல்லப் போறீங்க மகேன், உங்க மகளையா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். "இந்தப் பள்ளி மூடிட்டா நீங்க யார ஏத்திக்கிட்டு வேன் ஓட்டுவீங்க? கணினி வந்தா பிள்ளைங்களுக்கு உண்மையாவே நல்லது நடக்குமில்லையா? பொய்யில ஆரம்பிச்சா என்ன?"

 மனுசன் கெட்டவர் இல்லை என்பதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

எதிர்காலம், எதிர்காலம் என்கிறார்கள். எங்கள் மலைக்கு அது எப்போதோ வந்தாயிற்று. இரண்டு பேர் பிடிக்கும் அந்த இயந்திரம் வந்த அன்றே தொழிலாளர்களின் ஒரு லயத்து வீட்டு வரிசை காலியானது. இப்போது மருந்தடிக்கிறவர்களின் தலைக்கு மேல் தும்பி பறக்கிறது. அது எப்படி வளைகிறது என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்தப் பிள்ளையின் தலையில் துண்டைக் கட்டி, இடுப்பில் கைலியைச் சுற்றி, யாரும் தூக்காத கூடையைக் கொடுத்து, இதுதான் நீ என்று சொல்லிவிட்டோம். நாளைக்குத் தயார் செய்கிறோமாம். தூ.

ஆகஸ்ட் 5

நாளைக்குப் படம் பிடிக்கிறார்கள். அம்மாவாக நாகமணி டீச்சர் நடிக்கிறார். முகம் தூரத்தில்தான் தெரியுமாம். டீச்சரை "அம்மா" என்று கூப்பிடத் தாரணிக்குப் பள்ளியில் ஒத்திகை.

படக்குழுவை மேலே ஏற்றிப்போக வேன் வேண்டுமாம். செயலவை உறுப்பினர் இருக்கிறாரே.

ஆகஸ்ட் 6

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அமாலினா என்ற இளம்பெண்தான் படம் எடுப்பவர். கேமராக்காரர் ஒருவர். டீச்சரும் ஹெட்மாஸ்டரும் கூடையோடு முன்னாலேயே காரில் மேலே போய்விட்டார்கள். என் வேனில் அமாலினா முன் சீட்டில், கேமராக்காரரும் கைலி கட்டிய தாரணியும் பின்னால்.

இரண்டாவது வளைவில், சாலை ஓரத்துச் சரிவிலேயே கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டு பேர், நடுவில் இயந்திரம், பின்னால் பை ஊதிக்கொண்டு. அந்தச் சத்தத்தை யாராலும் கேட்காமல் இருக்க முடியாது. அமாலினா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இவர்கள் என்ன செய்கிறார்கள், அங்கள்?" என்று மலாயில் கேட்டார்.

எனக்குப் பதில் தயாராக இருந்தது. இது புதுசு, சோதனைக்குக் கொண்டுவந்தது, அந்தப் பக்கம் எல்லாம் இன்னும் கூடைதான். நேற்றே யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்துவிட்டேன். அப்போது பின்கண்ணாடியில் தாரணியைப் பார்த்தேன். என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இப்போது எப்படிச் சொல்லப்போகிறார் என்று, பாடம் கேட்கிற பார்வை.

"கொழுந்து எடுக்குறாங்க" என்றேன். "இங்க இப்படித்தான் எடுப்பாங்க. கூடை யாரும் தூக்குறதில்ல. அந்தக் கூடை தானா ராத்தா கடையில நான் வாங்குனது. இவ அம்மா ஆஸ்பத்திரியில சமைக்கிறா. மேல நிக்கிறது டீச்சர்."

"அந்தப் பெட்டி?"

"கோலாலம்பூருலேர்ந்து வந்தது. உள்ள என்ன இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது. போட்டியில பிள்ளைய அப்படிச் சொல்ல வச்சது நான்."

அமாலினா கத்தவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் அந்த இயந்திரத்தைச் சிறிதுநேரம் படம் எடுத்தார். பிறகு ஹெட்மாஸ்டருக்கு போன் செய்தார். இன்று வேண்டாம் சார் என்றார், மரியாதையாக. மேலே மலையில் நாகமணி டீச்சர் முதுகில் கூடையோடு நின்றது இங்கிருந்தே தெரிந்தது.

தாரணி தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வீடு வரைக்கும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 7

பேச மாட்டேன் என்கிறாள்.

ஆகஸ்ட் 9

மோகனாவிடம் கேட்டேன், நான் செய்தது சரிதானே என்று.

"இதையே ஈப்போவுல செஞ்சிருந்தா ஒரு நடுவர் அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்" என்றாள். "இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. பிள்ளதானே தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நடக்குது, நீங்களா நடக்குறீங்க?"

உண்மை பேசியதும் மனசு லேசாகும் என்பார்கள். யார் சொன்னது? எனக்கு எந்த லேசும் இல்லை. நான் ஏற்றிவிட்ட ஏணியை நானே இழுத்த மாதிரி இருக்கிறது, பிள்ளை மேலே நிற்கும்போது.

ஆகஸ்ட் 20

பள்ளியில் அவளைக் "கூடை" என்று கூப்பிடுகிறார்களாம். வேனில் முன்சீட்டில் உட்காருகிறவள் இப்போது கடைசிச் சீட்டு. செயலவையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நேற்றுக் கூட்டத்துக்கு வேறு யாரோ நாற்காலி போட்டார்கள். வரிசை கோணலாக நின்றது. அதைப் பார்த்து அற்பத்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

கணினி அறை வரவில்லை. பதாகை அப்படியே தொங்குகிறது. யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

செப்டம்பர் 11

டிரோன் பள்ளத்துப் பக்கம் மருந்தடிக்கிறது. தாரணி வேன் ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்பாள் என்று மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்ததுதான் மிச்சம்.

அக்டோபர் 7

கோச் மறுபடி வந்திருக்கிறார். அதே கூர்மூக்குச் சப்பாத்து. அடுத்த வருஷத்துக்கு ஸ்மார்ட் ஸ்ட்ராபெரித் தொட்டியாம். ஸ்ட்ராபெரியாவது இங்கே உண்மையிலேயே இருக்கிறது, பரவாயில்லை. தாரணிதான் மறுபடி பேச்சாளர் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். தங்கம் வாங்கிய வாய்.

மோகனா என்னைப் பார்த்தாள். நான் தாரணியைப் பார்த்தேன். தாரணி தட்டைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லப்போவதில்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 9

பள்ளி விட்டதும் மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஏறிவிட்டார்கள், இவளைக் காணோம். ஹாரன் அடித்துப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து வெளியே வந்தாள். நடந்து வந்து முன்சீட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.  வளைவு தாண்டும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

"வரமாட்டேன்னு சொல்லிட்டேம்பா."

"யாருகிட்ட?"

"ஹெட்மாஸ்டர்கிட்ட. கோச்சும் இருந்தாரு."

"என்னன்னு சொன்ன?"

"போன தடவ பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, இந்தத் தடவையும் தெரியாதுன்னா வரமாட்டேன்னு சொன்னேன்."

கியரை மாற்றினேன். "கோச் என்ன சொன்னாரு?"

"அவரு போன எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு."

"ஹெட்மாஸ்டர்?"

"ஸ்வெட்டர் கைய இழுத்துவிட்டுக்கிட்டாரு. அப்புறம், எனக்கும் தெரியாதும்மான்னாரு." தாரணி பையை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "அலமாரியத் திறந்து அந்தக் கூடைப் பெட்டிய வெளிய எடுத்து மேசமேல வச்சாரு. திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. நாளைக்கு வரும்போது ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவான்னாரு."

வீட்டுக்கு வந்ததும் வேனின் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்க்ரூ டிரைவர்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டேன். பெரும்பாலும் துரு. தாரணி ஒவ்வொன்றாக முனையைப் பார்த்துவிட்டு ஒதுக்கினாள். சின்னதாக ஒன்று, தையல் மெஷின் திருகாணி கழற்ற மோகனா வைத்திருந்தது, அதுதான் சரியாக இருக்கும் என்றாள். அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பென்சில் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள்.